பெயிலானவனுக்கு வழி இருக்கு, 540 எடுத்தவளுக்கு?

நாமக்கல் பக்கம் ஒரு ரெசிடென்ஷியல் ஸ்கூல்ல கொஞ்ச வருஷம் ப்ளஸ் டூக்கு கெமிஸ்ட்ரி எடுத்தேன். பேர் வேணாம். விடியக்காலை ஸ்டடி, க்ளாஸ், டெஸ்ட், திரும்ப ஸ்டடின்னு ராத்திரி பத்தரை வரைக்கும் ஓடும், அதப் பத்தி நிறைய பேர் எழுதிட்டாங்க, விடுங்க.

பெயிலாகற பசங்கதான் உடைஞ்சு போவாங்கன்னு வெளிய இருக்கறவங்க நெனைக்கறாங்க. நான் பாத்த வரைக்கும் அப்படி இல்ல. பெயிலானவனுக்கு துணைத்தேர்வு இருக்கு, எழுதி அதே வருஷம் காலேஜ் சேர்ந்துடலாம், ரிசல்ட் நேரத்துல 104 ஹெல்ப்லைன்ல கவுன்சிலிங் இருக்கு, வீடே பதறி அவன சுத்தி நிக்கும். 600க்கு 540 எடுக்கற பொண்ணுக்காக யாரும் பதற மாட்டாங்க. நல்லாத்தான படிக்கற, இன்னும் கொஞ்சம் முக்குனா 580 வந்துடும்பாங்க. 580 எடுத்தா நீட்ல எவ்ளோம்பாங்க.

மனசு சரியில்லன்னு எந்தப் பையனும் சொல்ல மாட்டான், வயித்து வலி சார்ம்பான். ரிவிஷன் டெஸ்ட் வாரம் சிக் ரூம் ஃபுல்லாயிடும், வார்டன் நடிக்கறானுங்கன்னு ஓஆர்எஸ் கரைச்சு குடுத்துட்டுப் போயிடுவாரு. நடிப்பு இல்லைங்க அது. ஒரு பையன் திருத்துன பேப்பர வாங்குனதும் மடிச்சு மடிச்சு தீப்பெட்டி சைஸுக்கு ஆக்கி சாக்ஸுக்குள்ள சொருகிக்குவான். 70க்கு 64 எடுத்தவன். ஏன்டான்னு கேட்டா, "ஞாயித்துக்கெழம அப்பா போன் பண்ணுவாரு சார், அதுக்குள்ள அந்த ஆறு மார்க் எங்க போச்சுன்னு யோசிச்சு வெக்கணும்"ங்கறான்.

அந்த அப்பா திருச்செங்கோட்டுக்காரரு, போர்வெல் ரிக் வண்டியோட சத்தீஸ்கர், ராஜஸ்தான்னு வருஷத்துல பாதி நாள் வெளியதான். ஊருக்கு வந்திருந்தப்ப என்கிட்ட, "எங்கள மாதிரி இவனும் மண்ணு திங்கக்கூடாதுங்க சார், கண்ண மட்டும் விட்டுட்டு தோல உரிச்சாலும் ஏன்னு கேக்க மாட்டேனுங்க"ன்னாரு. கெட்ட மனுஷன் இல்ல. விசிட்டிங் ஞாயித்துக்கெழம அம்மா எலை விரிச்சு கோழி வறுவல் வெச்சுட்டு இருக்கும், இவரு பக்கத்துல ஒக்காந்து ப்ராக்ரஸ் ரிப்போர்ட்ட விரல் வெச்சு வரி வரியா படிப்பாரு, பையன் எலையப் பாக்காம அந்த விரலையே பாப்பான். ஃபீஸுக்கு நெலத்த அடகு வெச்சது அவனுக்குத் தெரியும், பொறுப்பு வரணும்னு சொல்லியே வெச்சிருந்தாங்க. எனக்குக் கோவம் வர்ற எடம் இதுதான். பதினேழு வயசுப் பையன் தலைல கடன ஏத்துனா அவன் ஒவ்வொரு மார்க்கையும் ரூபாயாத்தான் பாப்பான்.

வாத்தியாருங்களுக்கும் இதே கதைதான், உங்க சப்ஜெக்ட்ல எத்தன சென்டம்னு கேட்டுட்டுத்தான் இன்க்ரிமென்ட் பேச்சே. 2017ல பொதுத்தேர்வு ரேங்க் அறிவிக்கறத அரசு நிறுத்துச்சு, அப்புறம் 1200 மார்க் 600 ஆச்சு, நல்ல முடிவுதான், ஆனா கேட்ல கட்டற ஃப்ளெக்ஸ் மட்டும் நிக்கல. அதே 2017ல நீட் வேற வந்து சேர்ந்துச்சா, ஒரே பையன் ரெண்டு பரீட்சைக்கு ஓடணும்னு ஆச்சு.

இப்ப மனசு சரியில்லன்னா கூப்புட்டுப் பேச அரசோட டெலி மானஸ் ஹெல்ப்லைன் 14416 இருக்கு, 24 மணி நேரமும் தமிழ்லயே பேசலாம். ஆனா ஹாஸ்டல் பையன்கிட்ட போன் ஏது? வார்டன் ரூம் போன்ல, வார்டன் முன்னாடி நின்னுக்கிட்டு என்னன்னு பேசுவான்?

டெஸ்ட் மார்க்க அன்னிக்கே வாட்ஸ்அப்ல அனுப்பறத நிறுத்தலாம்னு ஸ்டாஃப் மீட்டிங்ல சொல்லிப் பாத்தேன், பேரண்ட்ஸ் கேக்கறாங்க சார்னு முடிச்சுட்டாங்க. சரின்னு பேரண்ட்ஸ் மீட்டிங்லயே கேட்டேன், போன் பண்ணா மொதல் அஞ்சு நிமிஷம் மார்க் பேச்சு எடுக்காதீங்கன்னு. ஒரு அம்மா எந்திரிச்சு, "வேற என்னங்க சார் பேசறது? ஒம்பதாவதுல கொண்டாந்து விட்டமுங்க, இப்ப அவனுக்கு என்ன புடிக்கும்னே தெரியலைங்க"ன்னாங்க. மெஸ்ல இன்னிக்கு பூரியா பொங்கலான்னு கேளுங்கம்மான்னேன், எல்லாரும் சிரிச்சாங்க. அடுத்த வாரம் நெஜமாவே கொஞ்ச பேரு கேட்டிருக்காங்க. முக்காவாசிப் பேரு பூரியக் கேட்டுட்டு அடுத்த வரிலயே மார்க்குக்கு வந்துட்டாங்களாம், பசங்க சொல்லிச் சொல்லி சிரிச்சானுங்க.