மஞ்சளும் மிளகும்: ஒரு மேற்கோளின் மூலத்தைத் தேடிய அனுபவம்

மஞ்சளுடன் மிளகைச் சேர்த்து உண்டால், மஞ்சளிலுள்ள குர்குமின் என்ற வேதிப்பொருள் 20 மடங்கு அதிகமாக உடலில் சேரும் என்ற கூற்றை, நலவாழ்வுக் காணொளிகளில் மட்டுமன்றி, முனைவர் பட்ட ஆய்வுக்காக நான் படித்த பல கட்டுரைகளின் முன்னுரைகளிலும் கண்டிருந்தேன். இலக்கிய மீளாய்வு இயலில் அதை நானும் எழுதியபோது, எவ்வளவு குர்குமினைக் கொடுத்து, யாரிடம், எப்போது அளந்தார்கள் என்று நெறியாளர் கேட்டார். என்னிடமிருந்த கட்டுரைகள் ஒன்றையொன்று மேற்கோள் காட்டினவே தவிர, அக்கேள்விக்கு விடை எதிலும் இல்லை.

கூகுள் ஸ்காலரில்தான் தேடலைத் தொடங்கினேன். ஒரு கட்டுரையைப் பின்னர் யாரெல்லாம் மேற்கோள் காட்டினார்கள் என்று அறிய அதைப்போல் எளிய வழி வேறில்லை. ஆனால் நல்ல ஆய்விதழும், பணம் பெற்றுக்கொண்டு எதையும் வெளியிடும் இதழும் அங்கே ஒரே வரிசையில் நிற்கும். எனவே ஒவ்வொரு கட்டுரையின் மேற்கோள் பட்டியலையும் பிடித்துக்கொண்டு பின்னோக்கிச் சென்றேன். பெங்களூரைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 1998ஆம் ஆண்டு 'பிளான்டா மெடிக்கா' இதழில் வெளியிட்ட ஒரு கட்டுரையில் அந்தப் பயணம் முடிந்தது. அதன் சுருக்கம் அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் நடத்தும் பப்மெட் என்ற கட்டுரைத் தேடுதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

அச்சுருக்கத்தைப் படித்தபோது கூற்றின் உருவமே மாறியது. மனிதர்களுக்கு 2 கிராம் குர்குமினைத் தனியாகக் கொடுத்தபோது இரத்தத்தில் அது தென்படவே இல்லை, அல்லது மிகக் குறைவாகவே தென்பட்டது; மிளகிலுள்ள பைப்பரினையும் சேர்த்துக் கொடுத்தபோது முதல் ஒரு மணி நேரத்துக்குள் அளவு கூடியது, அந்த உயர்வுதான் '20 மடங்கு' என்று பரவிய 2,000 சதவீதம். ஏறத்தாழ ஒன்றுமில்லாத அளவோடு ஒப்பிட்டால் சிறு உயர்வும் பெரிய விகிதமாகத் தெரியும் என்பதை எந்த முன்னுரையும் எனக்குச் சொல்லவில்லை. அதே ஆய்வில் எலிகளிடம் காணப்பட்ட உயர்வு 154 சதவீதம் மட்டுமே. அந்த எண்ணை மேற்கோள் காட்டுவோர் அரிது. மஞ்சள்தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம் என்று கொண்டால், 2 கிராமுக்கு 65 கிராம் தூளுக்கு மேல் வேண்டும். எந்த வீட்டு இரசத்திலும் அவ்வளவு மஞ்சள் விழுவதில்லை.

பப்மெடில் இருப்பதாலேயே ஒரு கட்டுரை நம்பகமானதாகிவிடாது என்பதும் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தேர்வுக் குழு பரிசீலித்துச் சேர்க்கும் இதழ்களின் தொகுப்பு மெட்லைன். பப்மெடோ அதைவிட விரிந்தது, வேறு வழிகளில் வந்து சேர்ந்த கட்டுரைகளையும் காட்டும். ஓர் இதழ் மெட்லைனில் இப்போது இடம்பெறுகிறதா என்பதை அந்நூலகத்தின் இதழ்ப் பட்டியலில் பார்த்துவிடலாம். பப்மெடிலுள்ள பொருள்தலைப்பு முறையும் எனக்குப் பெரிதும் உதவியது: குர்குமினை வேறு வேதிப்பெயரால் குறித்த பழைய கட்டுரைகள்கூட ஒரே தலைப்பின் கீழ் வந்துவிடுகின்றன.

குர்குமின் துறையில் மீளப்பெறப்பட்ட கட்டுரைகள் சில அல்ல, பல. இதழே கைவிட்ட பின்னரும் அவை மேற்கோள்களில் தொடர்ந்து உலவுகின்றன. பப்மெட் அத்தகைய பதிவின் மேலேயே எச்சரிக்கை இடுகிறது. 'ரிட்ராக்‌ஷன் வாட்ச்' தரவுத்தளம் 2023இல், ஆய்வுக் கட்டுரைகளின் விவரங்களைப் பதிவுசெய்யும் கிராஸ்ரெஃப் அமைப்பின் வசம் வந்து எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. மேற்கோள்களைத் தொகுக்க நான் பயன்படுத்தும் ஸோட்டீரோ மென்பொருள் அத்தரவுத்தளத்தோடு ஒப்பிட்டு, மீளப்பெறப்பட்டவற்றைத் தானே அடையாளமிடுகிறது. அப்படி அடையாளமிடப்பட்டவற்றை என் பட்டியலிலிருந்து நீக்கினேன். அவற்றை மட்டுமே நம்பியிருந்த பத்திகளும் கூடவே போயின.

முழுக் கட்டுரைகளைப் பெறுவது தனிப் போராட்டம். ஆய்விதழ்களுக்கு நடுவண் அரசே சந்தா செலுத்தும், 2025 ஜனவரியில் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் அரசு நிறுவனங்களுக்கே உரியது. என்னைப் போல் சுயநிதிக் கல்லூரியில் இருப்பவர்களுக்கு அதில் இடமில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்தான். அன்பேவால் நீட்சியை உலாவியில் நிறுவிக்கொண்டால், சட்டப்படி இலவசமாகக் கிடைக்கும் பிரதி எங்கிருந்தாலும் காட்டிவிடும். அதிலும் கிடைக்காதபோது கட்டுரையாசிரியருக்கே மின்னஞ்சல் எழுதினேன். பெரும்பாலோர் மகிழ்ச்சியோடு அனுப்பினார்கள். இந்திய ஆய்வேடுகளுக்குக் காந்திநகரின் இன்ஃபிளிப்நெட் மையம் நடத்தும் ஷோத்கங்கா இணையக் களஞ்சியம் போதுமானதாக இருந்தது. அவற்றின் முடிவுகளைவிட, செய்முறை இயல்களே எனக்குப் பயன்பட்டன.

எதிர்த்தரப்பையும் தேடியபோது, 'ஜர்னல் ஆஃப் மெடிசினல் கெமிஸ்ட்ரி' இதழில் 2017இல் வந்த மீளாய்வு கண்ணில் பட்டது. குர்குமின் நிலையற்ற மூலக்கூறு, உடலில் எளிதில் சேராதது, பல ஆய்வகச் சோதனைகளில் உண்மையான வினை எதுவும் நிகழாமலே நேர்மறை முடிவைத் தரக்கூடியது என்று அது வாதிடுகிறது. திருத்திய இயலில் பெங்களூர் ஆய்வின் அளவையும் நேரத்தையும் எலிகளிடம் காணப்பட்ட சதவீதத்தையும் முழுமையாகக் கொடுத்து, அதை அடுத்து இம்மீளாய்வை வைத்தேன். '20 மடங்கு' என்ற சொற்றொடரை எடுத்துவிட்டேன்.