ஜெர்ஜ் முதல் வர்க்கி வரை: ஒரு பேரை ஏடுகளில் தேடும் வழி

தமிழக-கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஜார்ஜ், வர்கீஸ், கீவர்கீஸ், வர்க்கி, வறீத் என்று ஆட்கள் இருக்கிறார்கள். எல்லாம் புனித ஜார்ஜ் என்ற ஒரே புண்ணியாளன் பேர். அல்பேனியரிடம் அது ஜெர்ஜ். செர்பியர் பழைய காலத்தில் ஜுராஜ் என்றார்கள், இப்போது ஜோர்ஜே. குரோவேசியருக்கு யூராய், பல்கேரியருக்கு கெயோர்கி, கிரேக்கருக்கு யோர்கோஸ். தென்கிழக்கு ஐரோப்பாவின் பால்கன் பகுதி வரலாறு படிக்கிற நம்மவர்கள் அதிகம் தடுமாறுவது இந்த இடத்தில்தான். ஒரே ஆளை இரண்டு மூன்று பேராக எண்ணிவிடுகிறார்கள்.

இதற்கு நல்ல உதாரணம் அல்பேனியரின் தேசிய வீரர் ஸ்கந்தர்பெக் (1405–1468). ஞானஸ்நானப் பேர் ஜெர்ஜ், குடும்பப் பேர் காஸ்த்ரியோத்தி. தகப்பனார் ஜோன் காஸ்த்ரியோத்தி 1426 வாக்கில் கிரேக்க நாட்டு ஆதோஸ் மலையிலுள்ள ஹிலாந்தர் என்ற செர்பிய மடத்துக்கு ஊர்களை எழுதிக்கொடுத்தார். அந்த ஸ்லாவிய சாசனத்தில் தகப்பன் இவான், மகன் ஜுராஜ். லத்தீன் கடிதங்களில் கெயோர்கியுஸ் காஸ்த்ரியோத்துஸ். ஒட்டோமான் அரண்மனையில் பிணையாக வளர்ந்தபோது கிடைத்த பேர் இஸ்கந்தர், அதோடு பே என்ற பட்டம். 1443-இல் சுல்தானை விட்டுப் பிரிந்து க்ரூயா கோட்டையைப் பிடித்து, மறுபடி கிறிஸ்தவரானார். ஆனாலும் இஸ்கந்தர் பே என்ற பேரை அவர் உதறவில்லை. உலகத்துக்குத் தெரிந்ததும் அதுதான். இஸ்கந்தர் என்பது அலெக்சாண்டர், நம் பக்கத்துச் சாண்டி. ஆக, ஒரே ஆளுக்குள் ஒரு வர்கீஸும் ஒரு சாண்டியும்!

அதனால் ஏட்டைத் திறந்ததும், பேரை விட்டுவிட்டு எழுதியவர் யாரென்று பாருங்கள். மடத்து எழுத்தர் ஸ்லாவியத்தில் எழுதினால் ஜுராஜ். வெனிஸ்காரர் லத்தீனிலோ இத்தாலியத்திலோ எழுதினால் கெயோர்கியுஸ் அல்லது ஜோர்ஜோ. எழுத்தின் மொழி ஆளின் இனத்தைச் சொல்லாது. ஜுராஜ் என்றிருப்பதை வைத்து ஸ்கந்தர்பெக்கைச் செர்பியராக்குகிற வாதம் நிற்காது. நம் ஊர்ப் பள்ளிச் சான்றிதழில் ஜார்ஜ் என்று இருப்பதால் ஒருவர் இங்கிலாந்துக்காரர் ஆகிவிடுவாரா?

இரண்டாவது தடுமாற்றம் வேற்றுமை உருபு. அல்பேனிய மொழியில் பேரின் வாலிலும் உருபு ஏறும். ஜெர்ஜ் என்பது அடிப்படை; எழுவாயாக வரும்போது ஜெர்ஜி, ‘ஜெர்ஜை’ என்பதற்கு ஜெர்ஜின், ‘ஜெர்ஜுக்கு’, ‘ஜெர்ஜுடைய’ இரண்டுக்கும் ஜெர்ஜித். இது தெரியாமல் பெயர்ப் பட்டியல் போட்டால் ஒரே ஆள் நான்கு வரிகளில் வந்து உட்காருவார். வாலை வெட்டிவிட்டு அடிப்படையை மட்டும் எழுதுவது நல்லது. ‘ஷன்’ என்பது புனிதர் என்ற முன்னொட்டு. ஷன்ஜெர்ஜ் என்று சேர்ந்து வந்தால் புனிதரோ, திருநாளோ, ஊரோ. டிரானாவுக்குக் கிழக்கே மலையில் அந்தப் பேரில் ஓர் ஊரே இருக்கிறது.

தமிழில் எப்படி எழுதுவது? ஆங்கில ஜி, ஜே இரண்டும் சேர்ந்து நிற்பதைப் பார்த்து ‘க்ஜெர்க்ஜ்’ என்று எழுதுகிறவர்கள் உண்டு, நாக்கு சுளுக்கும். அந்த இரண்டும் சேர்ந்து ஒரே எழுத்து. 1908 நவம்பரில் மனாஸ்திரில் (இன்றைய வட மாசிடோனியாவின் பிட்டோலா) நடந்த மாநாட்டில் முடிவான அல்பேனிய நெடுங்கணக்கின் 36 எழுத்துகளில் ஒன்று. (அந்த எழுத்துக் குழுவின் தலைவர் பேரும் ஜெர்ஜ்தான்: கவிஞர் ஜெர்ஜ் ஃபிஷ்தா.) வடக்கிலும் கொசோவோவிலும் பேச்சில் அது நம் ஜகரம் மாதிரியே ஒலிக்கும், அதனால் ஜெர்ஜ், ஜோன், ஜின் என்று எழுதினால் போதும். அல்பேனிய அகராதியில் இந்தப் பேர்களை ஜி வரிசைக்குள் தேடினால் கிடைக்காது. ஜி முழுவதும் முடிந்தபின், எச் தொடங்குமுன் தனி வரிசையாக இருக்கும்.

பேரை வைத்து மதத்தைத் தீர்மானிப்பதும் ஆபத்து. பொதுவாக ஜெர்ஜ் வடக்கில் கத்தோலிக்கரிடம், தெற்கில் ஆர்த்தடாக்ஸ் சபையாரிடம். ஆனால் அல்பேனியக் காவியப் பாடல்களின் வீரன் ஒருவனுக்கு ஜெர்ஜ் எலெஸ் அலியா என்று பேர். முதலில் கிறிஸ்தவப் பேர், பின்னால் இலியாஸும் அலியும். வெளியில் முஸ்லிம் பேரும் வீட்டுக்குள் கிறிஸ்தவப் பேருமாக வாழ்ந்த லராமன் குடும்பங்களும் இருந்தன. 1967-இல் அல்பேனியக் கம்யூனிஸ்ட் அரசு மதத்தையே தடை செய்தது. 1975-இல் மதச் சாயலுள்ள பேர்களை மாற்றச் சொல்லி ஆணை போட்டது. அந்தத் தலைமுறையில் அக்ரோன், இலிர், தெயுதா என்று பழைய இல்லிரியப் பேர்கள் (இல்லிரியர் பண்டைக் காலத்தில் அந்தப் பக்கம் வாழ்ந்தவர்கள்) பெருகின. அதே அரசுதான் 1968-இல் டிரானா நடுச்சதுக்கத்தில் ஸ்கந்தர்பெக்குக்குக் குதிரை மேல் சிலை வைத்தது. பேர் ஜெர்ஜ் ஆனாலும் அவர் தேசத்தின் சொத்து!

வம்சாவளி தேடுகிறவர்களுக்கு ஒரு பிடிமானம் உண்டு. ஸ்கந்தர்பெக் தன் மகனுக்குத் தகப்பன் பேரான ஜோன் என்றே வைத்தார். இங்கும் கேரளத்து நசராணி (சிரியன் கிறிஸ்தவ) குடும்பங்களில் மூத்த பையனுக்கு அப்பா வழித் தாத்தா பேர், இரண்டாமவனுக்கு அம்மா வழித் தாத்தா பேர். ஆகவே வர்கீஸ், சாக்கோ, வர்கீஸ் என்று ஒன்றுவிட்டு ஒன்று வரும். தொல்லையும் இதில்தான்: தாத்தா வர்கீஸுக்கு மூன்று மகன்கள் என்றால் பேரன்களில் மூன்று வர்கீஸ். வீட்டுப் பேரும் தகப்பன் பேரும் சேர்த்துக் குறிக்காமல் ஞானஸ்நானப் பதிவேட்டில் கை வைக்காதீர்கள். பதிவேட்டில் கீவர்கீஸ், ரேஷன் கார்டில் வர்க்கி, பள்ளியில் ஜார்ஜ் என்று கிடந்தால், கேரளத்தில் வில்லேஜ் ஆபீசில் ‘ஒன் அண்ட் சேம்’ சர்டிபிகேட் வாங்கலாம்.

கேரளத்து ஆர்த்தடாக்ஸ் புனிதரான பருமலைத் திருமேனியின் பேரான கீவர்கீஸ் மார் கிரிகோரியோஸில் இரண்டு பேர்கள் இருக்கின்றன. கீவர்கீஸ் என்பது ஜார்ஜ்; கிரிகோரியோஸ் வேறு புனிதர் பேர், மேற்றிராணி (ஆயர்) ஆனபோது சேர்ந்தது. ‘கிரி’யையும் ‘கீவ’யையும் ஒன்றாக்கி அட்டவணை போட்டிருப்பதைப் பார்த்தால் முதலில் அதைப் பிரித்துவிடுங்கள்.