பாஸ் கொடுத்த பிறகு: ஆறு கிழமை செவன்ஸ் பயிற்சி

விடிய ஐந்தரைக்கு நான், தம்பி, பக்கத்து வீட்டு அண்ணா, ஒரு றக்பி பந்து. இடம் கொழும்பின் கடலோரக் காலிமுகத்திடல்.

அணிக்கு ஏழு பேர் ஆடும் றக்பியான செவன்ஸுக்கும், பதினைந்து பேர் ஆடும் அதே பெரிய மைதானம்தான். 70 மீற்றர் அகலத்தை 7 பேர் பங்குபோட்டால் ஆளுக்கு 10 மீற்றர். அதனால் நீளமான பாஸ்தான் முக்கியம் என்று முதல் மூன்று கிழமையும் அதிலேயே நின்றேன். பழைய பாராளுமன்றக் கட்டடத்தைப் பார்த்து ஓடும்போது கடல் இடக்கைப் பக்கம். அந்தப் பக்கம் எறிந்தால் பருவக்காற்று பந்தைப் பிடித்து நிறுத்திவிடும். பலம் போட்டுத் தள்ளினேன். பந்து உயரப் போனதுதான் மிச்சம். அண்ணா என் மணிக்கட்டைப் பிடித்துக் காட்டினார்: பந்து கையை விட்ட பிறகும் விரல்கள் வாங்குபவரின் நெஞ்சைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அன்றிலிருந்து பந்து தாழ்வாகப் போகிறது.

ஆனால் உண்மையான சிக்கல் ஓட்டத்தில் இருந்தது. தம்பி என்னோடு தோளுக்குத் தோள் ஓடி வருவான். கொஞ்சம் முந்தினாலும் அது முன்னோக்கிய பாஸ், பிழை. இப்போது நாலைந்து மீற்றர் பின்னால் நின்று, நான் திரும்பும் நேரத்துக்குப் பாய்ந்து வருகிறான். பந்து கிடைக்கும்போதே முழு வேகத்தில் இருக்கிறான்!

என் பிழை வேறு. கொடுத்துவிட்டு, பந்து சேர்ந்ததா என்று பார்த்துக்கொண்டு நிற்பேன். 2016 றியோ ஒலிம்பிக் இறுதியில் பிஜி 43-7 என்று பிரித்தானியாவை வென்ற ஆட்டத்தைத் திரும்பப் போட்டு, பந்தை விட்டுவிட்டு, பாஸ் கொடுத்த ஆளை மட்டும் பார்த்தேன். கொடுத்த கையோடு அடுத்த ஆளின் தோளுக்கு ஓடுகிறார்கள். ஆட்டம் அங்கேதான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

குரலும் ஒரு பாடம். 'இடம்', 'வலம்' என்று கத்தினோம். அலைச் சத்தத்தில் இரண்டும் ஒன்றாகவே கேட்டன. கிளப்பில் சிங்களப் பெடியன்கள் கத்துவதுபோல 'வம', 'தகுண' என்று மாற்றினோம். சிங்களத்தில் 'வம' என்றால் இடது. ஆனால் 'வ' கேட்டதுமே தம்பி வலது பக்கம் திரும்பினான். கடைசியில் 'லெஃப்ட்', 'ரைட்' என்று முடிவானது.

நேற்று 20 தரத்தில் 13 சுத்தமாக வந்தது. சனிக்கிழமை மச்சானை எதிரே நிறுத்தி, இரண்டு பேருக்கு ஒருவர் என்று பழகப் போகிறோம்.