வாடகை ஹாலில் ஒரு வார ஓவியக் கண்காட்சி: சுவரேற்றுவது முதல் கழற்றுவது வரை

சென்னையில் எட்டுப் பத்து ஓவியர்கள் சேர்ந்து குழுக் கண்காட்சி போடுவதென்றால் பெரும்பாலும் முதலில் விசாரிப்பது கிரீம்ஸ் சாலையிலுள்ள லலித் கலா அகாடமியின் வட்டார மையத்தைத்தான். இஞ்சம்பாக்கத்தில் 1966-இல் தொடங்கிய ஓவியர் கிராமமான சோழமண்டலம், முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா கலை வளாகம் என்று வேறு இடங்களும் உண்டு. தனியார் கேலரி அழைத்துப் போடும் கண்காட்சியில் பிரேம், விளக்கு, பெயர் அட்டை எல்லாவற்றையும் அவர்கள் ஆட்களே பார்த்துக்கொள்வார்கள். ஹாலை வாடகைக்கு எடுத்தால் அத்தனையும் நம் தலையில்தான். இப்படிப்பட்ட குழுக் கண்காட்சிகளை ஏற்றி இறக்கும் எங்கள் அனுபவத்தில், வேலை எங்கே சிக்குகிறது, ஏன் சிக்குகிறது என்பதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

ஹால் கேட்கும்போது வாடகைக்கு முன்னால் நாள்கணக்கைக் கேளுங்கள். ஒரு வாரம் என்றால் படம் மாட்டும் நாளும் கழற்றும் நாளும் பெரும்பாலும் அந்த வாரத்துக்குள்ளேயே அடக்கம். காலை பத்து மணிக்குச் சாவி, மாலை ஆறு மணிக்குத் திறப்பு விழா. இடையிலுள்ள எட்டு மணி நேரத்தில் ஐம்பது படம் சுவரேற வேண்டும், அதாவது ஒரு படத்துக்குப் பத்து நிமிடம்கூடக் கிடையாது. அன்றைக்கு யோசித்து முடிவெடுக்க எதையும் மிச்சம் வைக்கக் கூடாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை, திறப்பு விழாக் கூட்டத்தையும் கெடுக்கும், காகித ஓவியங்களையும் கெடுக்கும். மார்கழியில் ஊர் நிறைய ஆட்கள் இருப்பார்கள், அதனால் ஹாலுக்குப் போட்டியும் இருக்கும். விண்ணப்பத்தோடு ஓவியர்களின் தன்விவரம், படங்களின் நல்ல புகைப்படங்கள், தலைப்பு, ஊடகம், அளவு எல்லாம் கொடுக்க வேண்டியிருக்கும். இந்தப் பட்டியலை அப்போதே ஒரு எக்ஸெல் தாளில் ஒழுங்காகப் போட்டுவிட்டால் பெயர் அட்டை, விலைப்பட்டியல், காப்பீடு எல்லாவற்றுக்கும் அதே தாள் போதும். அளவில் எப்போதும் உயரம் முதலில், அகலம் பிறகு. பத்துப் பேரில் மூன்று பேராவது மாற்றி எழுதுவார்கள், மாட்டும் நாளில்தான் அது தெரியவரும்.

அடுத்தது சுவரளவு. டேப்பும் ஒரு ஆளும் கூட்டிப் போய் ஒவ்வொரு சுவரின் நீளம், கதவு, தூண், ஸ்விட்ச் போர்டு, ஏ.சி. இருக்குமிடம், மேலே படம் தொங்கவிடும் ரெயில் உண்டா, சுவரில் துளையிட விடுவார்களா என்று குறித்துக்கொள்ளுங்கள். படிக்கட்டுத் திருப்பத்தின் அகலத்தையும் அளக்க வேண்டும். ஆறடிப் படம் ஹாலில் இருக்கும், படியில் திரும்பாது.

குழுக் கண்காட்சி கெடுவதற்கு முதற்காரணம் படங்களின் எண்ணிக்கை. ஆளுக்கு ஆறு என்று பேசிவிட்டுப் பிறகு சுவரில் திணிப்பார்கள். கணக்கு எளிது: சுவர் நீளத்திலிருந்து படங்களின் மொத்த அகலத்தைக் கழித்து, படங்களின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டி வகுத்தால் இடைவெளி வரும். 40 அடிச் சுவரில் 3 அடி அகலப் படங்கள் எட்டு என்றால், மீதி 16 அடியை ஒன்பதால் வகுக்க வேண்டும். சுமார் 21 அங்குல இடைவெளி. அதையே ஏழாகக் குறைத்தால் 28 அங்குலத்துக்கு மேல் கிடைக்கும். ஒரு படத்தை எடுத்ததில் சுவரே மூச்சு விடுவது கண்ணுக்குத் தெரியும். இதை ஓவியர்களிடம் வாயால் சொன்னால் சண்டைதான். சுவர்களை அளவுப்படி வரைபடத் தாளில் போட்டு, படங்களையும் அதே அளவில் அட்டையில் வெட்டி வைத்துக் காட்டினால் அவர்களே ஒன்றை எடுத்துவிடுவார்கள்.

காகித ஓவியங்களுக்குச் சென்னைக் காற்றுதான் எமன். நீர்வண்ணம், எச்சிங் அச்சோவியம் போன்றவற்றைக் கண்ணாடியோடு ஒட்டினாற்போல் பிரேம் போட்டால் ஈரத்தில் காகிதம் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும், பிறகு பூஞ்சைப் புள்ளி வரும். நடுவில் ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனாவது உள்ள, ஓவியம் தெரிய ஜன்னல்போல் வெட்டிய மவுன்ட் அட்டை வேண்டும். பின்னால் நேராக ஹார்ட்போர்டை வைக்காமல் அமிலமில்லாத அட்டை ஒன்றை இடையில் கொடுக்கச் சொல்லுங்கள். பிரேம் கடைக்காரர் ஓவியத்தை மவுன்ட்டில் செல்லோடேப்பால் ஒட்டுவார். இரண்டு வருடத்தில் அது மஞ்சளாகிக் காகிதத்துக்குள் இறங்கிவிடும். ஜப்பானியக் காகிதத் துண்டும் கோதுமை மாவுப் பசையும் கொண்டு மேல் விளிம்பில் இரண்டே இடத்தில் ஒட்டி, மற்ற மூன்று பக்கத்தையும் சும்மா விட வேண்டும். காற்றின் ஈரத்துக்குக் காகிதம் விரிந்து சுருங்கும்; நாலு பக்கமும் ஒட்டினால் நடுவில் அலை அலையாக எழும். பெரிய படங்களுக்குக் கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் ஷீட் போடுவது எடைக்கும் பாதுகாப்புக்கும் நல்லது. ஆனால் சார்கோல், பேஸ்டல் போன்ற தூள் வண்ணப் படங்களுக்கு மட்டும் அது வேண்டாம். ஷீட்டைத் துணியால் துடைத்ததுமே அதில் ஏறும் நிலைமின்சாரம் தூளைக் காகிதத்திலிருந்து இழுத்துவிடும்.

கேன்வாஸ் படங்களின் சங்கடம் வேறு. கேன்வாஸை இழுத்து அடிக்க இங்கே விற்கும் ஸ்ட்ரெட்சர் சட்டங்களில் பல மூலையில் ஆப்பு வைத்து இறுக்க வழியில்லாமல் ஆணியடித்து மூடியவை. அதில் கேன்வாஸ் தொய்ந்தால் பின்புறத்தில் தண்ணீர் தெளித்து இறுக்குவது பழைய குறுக்குவழி. காய்ந்ததும் இறுகும், இரண்டு நாளில் பழையபடி தொய்யும். எண்ணெய் வண்ணமாக இருந்தால் அடிப்பூச்சு விட்டுப் போகவும் வாய்ப்புண்டு. ஸ்டேப்பிள் பின்னைப் பிடுங்கி ஒரு பக்கத்தைத் திரும்ப இழுத்து அடிப்பதுதான் சரி. அதைக் கண்காட்சிக்கு ஒரு வாரம் முன்பே வீட்டில் முடித்துவிட வேண்டும்.

படங்களை ஏற்றிவர ஒரு குட்டி யானை (டாடா ஏஸ் வண்டி) போதும். தட்டு ஏறத்தாழ ஏழடிக்கு ஐந்தடி. படுக்க வைத்து அடுக்கவே கூடாது. வண்டி ஓடும் திசைக்கு இணையாக, நிற்கவைத்து, முகத்தோடு முகம் முதுகோடு முதுகாகச் சேர்த்து, இடையில் அட்டை கொடுத்து ஏற்ற வேண்டும். பபிள் ராப்பைக் குமிழ் உள்பக்கம் இருக்கும்படி சுற்றுவது அன்றாடம் நடக்கும் தவறு. அக்ரிலிக் வண்ணம் வெயிலில் இளகும். சித்திரை வெயிலில் தார்ப்பாய்க்குள் ஒரு மணி நேரம் இருந்தாலே வண்ணத்தின் மேல் வட்டம் வட்டமாகப் பதிந்துவிடும், அதை எடுக்க வழியே இல்லை. நாலு மூலைக்கும் தடித்த ஃபோம் வைத்து, வண்ணத்தில் எதுவும் படாமல் அதன் மேல் சுற்றுவதே பத்திரம். அப்படி முடியாவிட்டால் முதலில் சிலிகான் பூசிய பட்டர் பேப்பர், அதற்கு மேல் குமிழ் வெளிப்பக்கமாகப் பபிள் ராப். ஹாலுக்கு வந்ததும் பொட்டலங்களை அவசரப்பட்டுப் பிரிக்காதீர்கள். ஏ.சி.யில் ஒரு மணி நேரம் அப்படியே இருக்கட்டும். அந்த நேரத்தில் தரையில் வரிசை பார்க்கலாம், சுவரில் குறி போடலாம்.

பிரித்தவுடன் ஒவ்வொரு படத்தையும் முன்னும் பின்னும் நாலு மூலையும் போனில் படமெடுத்து, ஏற்கெனவே உள்ள கீறலைத் தாளில் எழுதி ஓவியரின் கையெழுத்து வாங்கிவிடுங்கள். காப்பீடு எடுத்தால் வீட்டுச் சுவரிலிருந்து இறங்குவது முதல் திரும்ப அதே சுவரில் ஏறுவது வரை பயணமும் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஹாலுக்குள் இருக்கும் நேரத்துக்கு மட்டும் எடுத்துப் பயனில்லை, உடைவது பெரும்பாலும் வழியில்தான்.

இனி மாட்டுவது. படத்தின் நடுக்கோடு தரையிலிருந்து 58 அங்குலத்தில் வர வேண்டும். அருங்காட்சியகங்களில் 57 முதல் 60 வரை வைப்பார்கள், நம்மூர் உயரத்துக்கு 58 பொருந்துகிறது. எல்லாப் படத்துக்கும் மேல் விளிம்பை ஒரே கோட்டில் வைப்பது கண்காட்சியைக் கடை மாதிரி ஆக்கிவிடும். நடுக்கோடு ஒன்றாக இருந்தால் சிறிதும் பெரிதும் சண்டையில்லாமல் நிற்கும். கொக்கி எங்கே வர வேண்டும் என்பதற்குக் கணக்கு: 58-உடன் படத்தின் உயரத்தில் பாதியைக் கூட்டி, பின்புறக் கம்பியை இழுத்துப் பிடித்தால் அது படத்தின் மேல் விளிம்பிலிருந்து எவ்வளவு கீழே நிற்கிறதோ அதைக் கழிக்க வேண்டும். 36 அங்குல உயரப் படம், கம்பி 4 அங்குலம் கீழே என்றால் 58 + 18 − 4 = 72, சரியாக ஆறடி. இதை எல்லாப் படத்துக்கும் முன்கூட்டியே கணக்கிட்டுப் படத்தின் முதுகில் பென்சிலால் எழுதிவிடுங்கள். மாட்டும் நாளில் ஏணியில் நிற்பவர் அந்த எண்ணை மட்டும் கேட்டால் போதும்.

கம்பியை வீணைத் தந்தி மாதிரி இறுக்கிக் கட்டுபவர்கள் உண்டு. அது தப்பு. ஒரே கொக்கியில் தொங்கும்போது கம்பி 30 பாகை சாய்வில் இருந்தால் ஒவ்வொரு பக்கத்து வளையத்திலும் படத்தின் முழு எடைக்குச் சமமான இழுவை விழும். சாய்வு 10 பாகையாகக் குறைந்தால் இழுவை ஏறத்தாழ மூன்று மடங்கு. திருகாணி சட்டத்தைப் பிய்த்துக்கொண்டு வருவது இதனால்தான், கம்பி அறுந்து விழுவது அபூர்வம். கனமான படத்துக்கு ஒரு கொக்கி போதாது. இரண்டு கொக்கி வைத்தால் இழுவையும் குறையும், ஏ.சி. அதிர்வில் படம் கோணுவதும் நிற்கும். கீழ் இரண்டு மூலையிலும் சின்ன ரப்பர் பொட்டு ஒட்டினால் இன்னும் நல்லது.

ரெயிலிலிருந்து தொங்கவிடும் ஹாலில் எல்லோரும் வாங்கிவருவது நைலான் மீன்வலை நரம்பு. பார்க்க மறைந்திருக்கும், விலையும் குறைவு. ஆனால் எடை தாங்கத் தாங்க அது நீளும், முடிச்சும் வழுக்கும். மாலை ரசமட்டம் வைத்துச் சரிபார்த்த வரிசை மறுநாள் காலை ஏறி இறங்கி நிற்கும். ஐந்து கிலோவுக்கு மேலிருந்தால் ஒன்றரை மில்லிமீட்டர் ஸ்டீல் கேபிளை வாங்கி, நுனியை அலுமினியக் குழாய்த் துண்டில் நசுக்கிப் பூட்டுங்கள். ரெயிலில் தொங்கும் படத்துக்கு வளையங்கள் சட்டத்தின் மேல் விளிம்பை ஒட்டி இருக்க வேண்டும். கீழே இறக்கிப் பூட்டினால் படத்தின் தலை முன்னால் சாய்ந்து நிற்கும்.

மாட்டும் வரிசையிலும் ஒரு முறை உண்டு. ஒவ்வொரு சுவரிலும் நடுப்படத்தை முதலில் மாட்டி இரு பக்கமும் போக வேண்டும். ஓரத்திலிருந்து தொடங்கினால் அரையங்குலப் பிழை சேர்ந்து சேர்ந்து கடைசிப் படத்தைக் கதவில் கொண்டுபோய் நிறுத்தும். இரண்டு பேர் மாட்ட, ஒருவர் பத்தடி தள்ளி நின்று பார்க்க வேண்டும். அந்த ஒருவர், சுவரில் தன் படம் இல்லாதவராக இருந்தால் உத்தமம்.

சிற்பங்களைச் சுற்றிவர மூன்றடியாவது விடுங்கள். சென்னைச் சிற்பிகள் ஜானகிராம், நந்தகோபால் வழியில் முன்பக்கம் மட்டுமே பேசும் உலோகத் தகட்டுச் சிற்பமென்றால் சுவரோரம் வைக்கலாம், முழு உருண்டைச் சிற்பத்தை அப்படி ஒதுக்கக் கூடாது. பீடம் ப்ளைவுட் பெட்டிதான் என்றால் உள்ளே மணல் மூட்டை போடுங்கள். திறப்பு விழாக் கூட்டத்தில் யாராவது சாய்வார்கள்.

விளக்குக்கு 30 பாகை விதி: ஒளி சுவரோடு 30 பாகை சாய்வில் படத்தின் நடுவில் விழ வேண்டும். கூரை விளக்கு பத்தடியில் இருந்தால், படத்தின் நடுக்கோட்டுக்கு மேல் 62 அங்குலம். விளக்கு சுவரிலிருந்து 36 அங்குலம் தள்ளி இருக்க வேண்டும். இதைவிடக் கிட்டே வந்தால் சட்டத்தின் நிழல் படத்தின் மேல் விழும். தள்ளிப் போனால் பார்ப்பவரின் தலை நிழல் விழும். பல்புகளை ஒரே பெட்டியிலிருந்து வாங்குங்கள். 3000 கெல்வின் மஞ்சள் ஒளியும் 6500 கெல்வின் வெள்ளை ஒளியும் கலந்தால் ஒரே ஓவியரின் இரண்டு படங்கள் இரண்டு ஆள் வரைந்தவைபோல் தெரியும். பெட்டியில் சி.ஆர்.ஐ. (நிறத்தை உள்ளபடி காட்டும் திறனின் அளவு) 90-க்கு மேல் என்று போட்டிருக்க வேண்டும். காகிதத்துக்கு 50 லக்ஸ் வெளிச்சம், எண்ணெய் வண்ணத்துக்கு 200 லக்ஸ் என்பது அருங்காட்சியகக் கணக்கு. ஒரு வாரக் கண்காட்சியில் 50 லக்ஸில் இருட்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை, கண்ணாடிப் பிரதிபலிப்பைக் குறைப்பதுதான் பெரிய வேலை. கூரை டியூப்லைட்டுகளை அணைத்தாலே பாதி சரியாகிவிடும்.

பெயர் அட்டையை மூன்று மில்லிமீட்டர் சன்போர்டில் (ஃபோம் பலகை) அச்சிட்டு, படத்தின் வலப்பக்கம் கீழே ஒட்டுவது வழக்கம். இரட்டைப் பக்க டேப் சுவர் பெயின்ட்டை உரித்துக்கொண்டு வரும், ஒட்டும் களிமண் போதும். தமிழில் அச்சடிப்பவர்கள் கோப்பை வேர்டாக அனுப்பாதீர்கள். பிரின்டிங் கடைக் கணினியில் எழுத்துரு மாறிக் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போய்விடும். எழுத்தைக் கோட்டுருவமாக மாற்றிய பி.டி.எஃப். கொடுத்து, ஒரு மாதிரியை அச்சிட்டுப் பார்த்துவிட்டு மொத்தத்தையும் ஓடவிடுங்கள்.

திறப்பு விழாவின் குத்துவிளக்கை வாசலிலோ வராந்தாவிலோ வையுங்கள். ஏ.சி. காற்றில் திரி நிற்காது, புகை எச்சரிக்கைக் கருவியும் கத்தும், எண்ணெய்க் கையோடு வருபவர்கள் முதலில் தொடுவது தடித்த வண்ணம் பூசிய கேன்வாஸைத்தான். பிளாஸ்டிக் நாற்காலிகளைச் சுவரோரம் அடுக்குவது அதைவிட ஆபத்து.

விற்றால் அட்டையில் சிவப்புப் பொட்டு, முன்பணத்துக்கு ரசீது, படம் கைமாறுவது கடைசி நாளில். விற்பனையில் ஹாலுக்குப் பங்குண்டா என்பதைப் பதிவு செய்யும்போதே கேட்டு விலையில் சேர்த்திருக்க வேண்டும். வாங்குபவரிடம் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி அவர் வாங்குவது படத்தைத்தான். எழுத்துப்பூர்வமாக மாற்றிக் கொடுக்காதவரை பதிப்புரிமை ஓவியரிடமே இருக்கும். புத்தாண்டுக் காலண்டரில் படத்தைப் போட வேண்டுமென்றால் தனி அனுமதி, தனிப் பணம்.

கழற்றும் நாளில் ஏ.சி.யை ஒரு மணி நேரம் முன்பே அணைத்துவிடுங்கள். குளிர்ந்த கண்ணாடி வெளியே போனதும் வியர்க்கும், அந்த ஈரத்தோடு பிளாஸ்டிக்கில் சுற்றினால் பொட்டலத்துக்குள்ளேயே பூஞ்சை வளரும். சுற்றுவது ஹாலுக்குள்ளேயே முடிய வேண்டும். சுவரில் துளை போட்டிருந்தால் வால் புட்டி அடைத்து, காய்ந்ததும் தேய்த்து, அதே ஷேடு பெயின்ட் தொட்டுவிட வேண்டும். ஷேடு எண்ணை முதல் நாளே ஹால் ஊழியரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளையில் மட்டும் பத்து வெள்ளை இருக்கிறது, மாற்றித் தொட்டால் சுவர் முழுக்கத் திட்டுத் திட்டாகத் தெரியும், ஹாலுக்குக் கட்டிய முன்பணத்தில் பிடிப்பார்கள்.