கண்ணை மூடினால் கால் தடுமாறுகிறதா?

படித்துறையில் நின்று கண்ணை மூடி முகம் கழுவும்போது உடம்பு சாய்கிறது. இருட்டில் வரப்பு காலுக்குப் பிடிபடவில்லை. செருப்பு கழன்றது தெரியாமலே நாலடி நடந்தாகிவிட்டது. டெல்டா பக்கம் இதை ‘வயசாச்சு’, ‘சர்க்கரை’ என்று தள்ளிவிடுகிறோம். தயவுசெய்து ரத்தத்தில் வைட்டமின் பி12 அளவைப் பாருங்கள்.

இந்தச் சத்து குறைந்தால் தண்டுவடத்தின் பின்பக்க நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் என்ற உறை சிதைகிறது. கால் எங்கே இருக்கிறது என்று மூளைக்குச் சொல்வதே அவைதான். பகலில் கண் ஈடுகட்டிவிடும். கால் கட்டைவிரல் எலும்பில் 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையை (தட்டினால் அதிரும் உலோகக் கவை) வைத்தால் அதிர்வை உணர்வது மங்கியிருக்கும். மறதியும் சேரலாம்.

ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 200 பிகோகிராமுக்குக் கீழே என்றால் பொதுவாகக் குறைபாடுதான். 200–300 இருந்து அறிகுறியும் இருந்தால் மெத்தில்மலோனிக் அமிலப் பரிசோதனை உதவும் (பி12 குறைந்தால் இந்த அமிலம் கூடும்). சைவர்கள், வருஷக்கணக்கில் மெட்ஃபார்மினோ (சர்க்கரை மாத்திரை) பான்டோபிரசோலோ (வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை) சாப்பிடுபவர்கள் கவனம். பி12-க்குப் பழைய சோற்றை நம்பி இருக்க முடியாது; பால், தயிர், முட்டை, மீன் வேண்டும்.

பெரிய தப்பு ஒன்று: ஃபோலிக் அமில மாத்திரை மட்டும் போடுவது. சோகை தெளியும், நரம்பு உள்ளுக்குள் கெட்டுக்கொண்டே போகும். நரம்பு பாதித்திருந்தால் டாக்டர்கள் வழக்கமாக 1000 மைக்ரோகிராம் பி12 ஊசியை முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு வாரம் ஒன்று, அப்புறம் மாதம் ஒன்று எனப் போடுவார்கள். தேறுவது பெரும்பாலும் முதல் ஆறு மாதத்தில்தான்.