பட்டாசலிலும் அடுக்களையிலும் ஒரே நாகஸ்வரம்

ஜூன் 14, 2025, சனி. செங்கோட்டை

காலையிலிருந்து சாரல். வேலையைத் தொடங்க நல்ல நாள்.

இந்த ஊர் திருவிதாங்கூரில் இருந்தபோது தாத்தா கட்டிய வீடு இது. 1956 நவம்பரில்தான் ஊர் இந்தப் பக்கம் சேர்ந்தது. திண்ணை, பட்டாசல் என்கிற முன்கூடம், இரண்டாங்கட்டு, அடுக்களை, புறவாசல் என்று நீளமாகப் போகும். சுவர் ஒன்றரை அடி. பட்டாசலில் பாட்டு வைத்தால் அடுக்களையில் கேட்காது. கேட்கிற மாதிரி வைத்தால் பட்டாசலில் உட்கார முடியாது.

அப்பா சேர்த்து வைத்துவிட்டுப் போன நாகஸ்வர கேசட்டுகளைப் போன வருஷம் கணினியில் ஏற்றி முடித்தேன். அம்மா நாள் முழுக்க நடந்துகொண்டே இருப்பார். எந்தக் கட்டுக்குப் போனாலும் ராகம் அறுபடாமல் அவர் கூடவே வர வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

பட்டாசலுக்கு ராஸ்பெர்ரி பை 4 என்ற கையடக்கக் கணினி. அடுக்களைக்கும் மச்சுக்கும் அதைவிடச் சின்னதான பை ஸீரோ 2 டபிள்யூ. ஒரே பாட்டை எல்லா அறையிலும் ஒன்றாக ஒலிக்கவைக்கும் மென்பொருள் ஸ்நாப்காஸ்ட், காசு கிடையாது.

ஜூன் 15, ஞாயிறு

பை ஸீரோவில் ஹெட்போன் ஓட்டை இல்லை. டிஜிட்டலை ஒலியாக மாற்ற டாக் என்ற சின்னப் பலகையைத் தனியாக மாட்ட வேண்டும். நான் வாங்கிய பை ஸீரோக்களில் அதை மாட்டப் பின்களும் இல்லை. ஒன்றுக்கு நாற்பது, மொத்தம் எண்பது பற்றவைப்பு. அம்மா பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து டார்ச் பிடித்தார். ஈயம் உருகும்போது பிசின் புகை எழுந்தது. “என்னய்யா, சாம்பிராணி போட்ட மாதிரி மணக்கு” என்றார். மதியச் சாப்பாடு மூன்று மணிக்கு.

ஜூன் 19, வியாழன்

மச்சில் நன்றாகப் பாடுகிறது. அடுக்களையில் இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை விக்கல். வைஃபை வேகம் காரணமில்லை: கேசட்டுகளைத் தரம் குறையாமல் சுருக்கும் ஃபிளாக் கோப்பாக வைத்திருக்கிறேன், ஓர் அறைக்கு நொடிக்கு ஒரு மெகாபிட் போதும். சிக்கல் அலையில். பை ஸீரோ 2.4 கிகாஹெர்ட்ஸை மட்டுமே பிடிக்கும். அந்த அலைவரிசையில் ஒன்றோடொன்று உரசாத சேனல்கள் 1, 6, 11 மூன்றுதான். தெருவில் பாதி வீடு 6-இல் இருந்தது. 11-க்கு மாற்றினேன். பையின் வைஃபை மின்சேமிப்பையும் அணைத்தேன். விக்கல் குறைந்தது, நிற்கவில்லை.

கடைசியில் பார்த்தால் ரௌட்டர் இரும்பு பீரோவுக்குப் பின்னால் இருந்தது! அதை எடுத்து இரண்டாங்கட்டு நிலைக்கு மேலே ஆணியடித்து மாட்டினேன். அதற்கப்புறம் ஒரு விக்கல்கூட இல்லை.

ஜூன் 22, ஞாயிறு

அம்மா இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: “நடுக்கட்டுல நின்னா ரெண்டு பேரு வாசிக்க மாதிரி இருக்குய்யா. ஒருத்தரு பொறத்தால வாராரு.” அவர் காது தப்பாது.

ஸ்நாப்காஸ்ட் ஒலியைச் சின்னத் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றின் மேலும் நேரத்தைக் குறித்து அனுப்புகிறது. எல்லாப் பெட்டிகளும் அந்தத் துண்டை வாங்கி ஒரு நொடி கையில் வைத்திருந்து, குறித்த நேரத்தில் ஒன்றாகப் பாடும். பெட்டிகளுக்குள் பிசகு வராது. ஆனால் அடுக்களையில் மாட்டியிருப்பது பழைய சவுண்ட்பார். ஒலியைத் தனக்குள் ஒருமுறை பதப்படுத்திவிட்டுத்தான் வெளியே விடுகிறது. அந்தத் தாமதம் ஸ்நாப்காஸ்டுக்குத் தெரிய வழியில்லை.

அளந்து பார்த்தேன். காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். பட்டாசலிலிருந்து அடுக்களை 12 மீட்டர், அதுவே 35 மில்லி செகண்ட். அதனால் போனை இரண்டுக்கும் சரிநடுவில் வைத்துப் பதிவு செய்தேன். தவிலில் ஒற்றை அடி விழும் இடத்தை, ஒலியை அலைப் படமாகக் காட்டும் ஆடாசிட்டி மென்பொருளில் பெரிதாக்கினால் ஒரு முள், கொஞ்சம் தள்ளி இன்னொரு முள். இடைவெளி 70 மில்லி செகண்ட். அடுக்களைப் பெட்டியை அத்தனை முந்தி வாசிக்கச் சொல்லி, மறுபடி பதிவு செய்தேன். ஒரே முள்.

ஜூன் 28, சனி

இன்று நாகஸ்வர வித்வான் காருகுறிச்சி அருணாசலம். திருநெல்வேலிக்குப் போகும்போதெல்லாம் காருகுறிச்சி ஸ்டேஷன் வந்ததும் அப்பா ஜன்னலைக் காட்டி அவர் பெயரைச் சொல்வார். 1964-இல் மறைந்தவரின் மூச்சு இன்று எங்கள் வீட்டின் மூன்று இடங்களிலிருந்து ஒன்றாக வந்தது.

நடுவில் கரண்ட் போனது. வந்ததும் மூன்று பெட்டிகளும் நான் தொடாமலே எழுந்து ஒன்றையொன்று கண்டுபிடித்துக்கொண்டன. நான் தோடியை மறுபடி முதலிலிருந்து போட்டேன். அம்மா முருங்கைக்கீரையை முறத்தில் வைத்துக்கொண்டு அடுக்களையிலிருந்து பட்டாசலுக்கு வந்தார். நிலைப்படியில் ஒரு நிமிஷம் நின்றார். திரும்பி உள்ளே போனார், மறுபடி வந்தார்.

“புறவாசல்ல துவைகல்லு பக்கத்துல ஒண்ணு வைக்கலாமாய்யா? மழை படாம?”

நாளைக்குத் தென்காசி போய் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா பார்க்க வேண்டும்.