முதலில் குகைக்கு

ஜூலை 7, ஞாயிறு

நூலக மாடியில் இன்று ஆன்டிகனி நாடகம் படிக்கத் தொடங்கினோம். கிரேக்க நாடகாசிரியர் சோஃபக்ளிஸ் கி.மு. 441 வாக்கில் எழுதியது. ஆன்டிகனியின் கூடப்பிறந்தவன்கள் இருவரும் ஒருவரையொருவர் கொன்று கிடக்கிறார்கள். ஒருவனுக்கு முழு மரியாதையோடு அடக்கம். ஊர்மேல் படையெடுத்து வந்தவனை நாய்க்கும் பறவைக்கும் விட்டுவிடச் சொல்கிறான் அரசன் கிரியோன். தடையை மீறி அவனுக்கு மண் போட்ட ஆன்டிகனியைக் குகையில் உயிரோடு அடைக்கிறான். கிரியோன் செத்தவர்களுக்குத் தாய்மாமன் என்றதும் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஆன்டிகனிக்கு நிச்சயமான ஹீமோன் அந்த மாமன் மகன்தான். இந்த உறவை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஜூலை 9

ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கு மூச்சு வாங்குவது குறையவில்லை. இரவும் ஆக்சிஜன்.

ஜூலை 10

“பெரியவன் வந்தானா?” என்றாள் அம்மா. அப்பா பேப்பரை வைத்துவிட்டு வராந்தாவுக்குப் போனார்.

ஜூலை 14, ஞாயிறு

ஒரு மணி நேரம்தான் போக முடிந்தது. நல்ல சண்டை. ஓய்வுபெற்ற தாசில்தார் கிரியோன் பக்கம். போர் முடிந்த மறுநாள் காலை அது, காத்தவனுக்கும் கொளுத்த வந்தவனுக்கும் ஒரே மரியாதை என்றால் நாளை ஊருக்காக யார் நிற்பார்கள் என்று கேட்டார். ராவணன் விழுந்ததும் விபீடணனைக் கூப்பிட்டு ஈமக்கடன் செய்யச் சொன்னானே ராமன், பகை அத்தோடு சரி என்றார் தமிழாசிரியை. “ராமன் நின்றது அடுத்தவன் ஊரில். கிரியோன் நிற்பது சொந்த ஊரில், அம்மா.”

எனக்கு ஹீமோன் போதும். ஊரே அந்தப் பெண்ணுக்காக இருட்டில் முணுமுணுக்கிறது என்கிறான். ஒரே ஆளுக்குச் சொந்தமானது ஊரே இல்லை என்று பெற்ற அப்பனிடமே சொல்கிறான்.

ஜூலை 16, நள்ளிரவு

தூக்கம் வரவில்லை. குருட்டுக் குறிசொல்லி டைரீசியஸ் வந்து இரண்டையும் சொல்கிறார்: மேலே இருக்க வேண்டியவளைக் கீழே அடைத்துவிட்டாய், கீழே போக வேண்டியவனை மேலேயே வைத்திருக்கிறாய். கிரியோன் பயந்துபோய், என்ன செய்யட்டும் என்று பெரியவர்களைக் கேட்கிறான். போய்ப் பெண்ணைக் குகையிலிருந்து விடு, கிடப்பவனை அடக்கம் பண்ணு என்கிறார்கள். பெண்ணைத்தான் முதலில் சொல்கிறார்கள்.

அவன் முதலில் பிணத்திடம் போகிறான். நாய் குதறிய உடலைக் கழுவி, பச்சைக் கிளை ஒடித்து எரித்து, பிறந்த மண்ணை உயரமாகக் குவித்து, அத்தனையும் முடித்த பிறகுதான் குகைக்கு. உள்ளே அவள் தூக்கில். ஹீமோன் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுகிறான். அப்புறம் அவனும் போகிறான், அவனைப் பெற்றவளும் போகிறாள்.

ஏன் அந்த வரிசை? தெய்வக் குற்றம் பிணத்தால்தான் என்று நினைத்திருக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. செத்தவனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிடலாம், அவன் ஒன்றும் கேட்கமாட்டான். உயிரோடு இருப்பவள் முகத்தில் விழிப்பதுதான் கஷ்டம்.

“என் காரியத்துக்குக்கூட அவன் வரக்கூடாது” என்று அப்பா அண்ணனைப் பற்றிச் சொன்னது அதே வராந்தாவில் இல்லை, நம் வீட்டுக் கூடத்தில். காரியத்துக்கு எப்படியும் வருவான். எல்லோரும் வருவார்கள்.

ஜூலை 17

அப்பாவிடம் கதையாகச் சொன்னேன். யார் எங்கே முதலில் போனார்கள் என்பதை மட்டும். “சொன்னபடியே போயிருக்கலாமே” என்றார். அண்ணன் பெயரை இருவரும் எடுக்கவில்லை.

ஜூலை 18

சளி டெஸ்ட். கஞ்சி அரை டம்ளர்.

ஜூலை 21, ஞாயிறு

போகவில்லை. குரல்பதிவு அனுப்பியிருந்தார்கள். சாகப் போகிறவள் சொல்கிறாள்: கணவனுக்காகவோ பிள்ளைக்காகவோ இதைச் செய்திருக்க மாட்டேன், பெற்றவர்கள் போன பிறகு இன்னொரு கூடப்பிறந்தவன் பிறக்கப்போவதில்லை. ஜெர்மன் கவிஞர் கதேவுக்கு இந்த வரிகள் பிடிக்கவில்லையாம், இடைச்செருகல் என்று யாராவது நிரூபிக்க வேண்டும் என்று விரும்பினாராம். அரிஸ்டாட்டில் காலத்திலேயே அவை நாடகத்தில் இருந்தன. எனக்கு நாடகத்திலேயே உண்மையான இடம் அதுதான். வெட்கமில்லாமல் கணக்குப் பார்த்துச் சொல்கிறாள், கணக்கும் சரியாக வருகிறது.

அப்பா பக்கத்தில் இருக்கும்போதே போன் போட்டேன். “அம்மா உன்னைக் கேட்கிறாள். கிளம்பி வா.”

கொஞ்ச நேரம் கழித்து, “எந்த வண்டியாம்?” என்றார் அப்பா.

ஜூலை 22

தத்கால் கிடைக்கவில்லை. பஸ்ஸில் ஏறிவிட்டான். அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.